குய்லின், யாங்ஷுவோ: 68 வயது அம்மாவுடன், சைவ உணவோடு, ஐந்து இரவுகள்

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். தென் சீனாவின் குவாங்சி பகுதியில் இருக்கும் குய்லினுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டம். நானும் மனைவியும், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், 68 வயது அம்மா. நான்கு பேருக்கும் இந்திய பாஸ்போர்ட். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். முழங்கால் வலி இருப்பதால் ஒரேயடியாக ஐம்பது படிக்கு மேல் ஏற முடியாது.

சென்னையிலிருந்து ஹாங்காங் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயில் என்று நினைத்திருக்கிறோம். ஐந்து இரவுகளும் குய்லின் நகரத்திலேயே ஓட்டல் போட்டு, ஒரு நாள் லீ ஆற்றுப் படகு, ஒரு நாள் யாங்ஷுவோ, ஒரு நாள் லோங்ஜி படிக்கட்டு வயல், ஒரு நாள் ஊர் சுற்றல் என்று தினமும் போய்த் திரும்பலாமா? மகனுக்குக் காலாண்டு விடுமுறையில் போனால் வசதி. விசா, சாப்பாடு, பணம், போன் விஷயங்களில் எதைக் கவனிக்க வேண்டும்? ஆற்றையும் மலையையும் தவிர அந்த ஊரில் பழைய வரலாறு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

தண்டவாளம்

ஐந்து இரவையும் குய்லினில் போடாதீர்கள். ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. குய்லின் மேலே, யாங்ஷுவோ கீழே. நடுவில் ஆற்று வழி ஏறத்தாழ 83 கிலோமீட்டர். சுற்றுலாப் படகு உங்களைக் கொண்டுபோய் யாங்ஷுவோவில் இறக்கிவிடும், திரும்பிக் கூட்டி வராது. நாலு மணி நேரப் படகுக்குப் பிறகு, சரியாக வெயில் தாழ்ந்து ஊர் அழகாகும் நேரத்தில், ஒன்றரை மணி நேரம் பேருந்தில் குய்லினுக்குத் திரும்புவது பெரிய வீண். அம்மாவுக்கு அதுதான் கஷ்டம். குய்லினில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, யாங்ஷுவோ ஸ்டேஷனிலிருந்தே ஹாங்காங் திரும்புங்கள். ஒரே திசைப் பயணமாக வைத்துக்கொண்டால் பெட்டியை ஒருமுறை கட்டினால் போதும்.

ஸ்டேஷன் பெயர்களில் பலர் ஏமாறுகிறார்கள். குய்லின், குய்லின் வடக்கு, குய்லின் மேற்கு என்று மூன்று இருக்கின்றன. நகர மையத்தில் இருப்பது வெறும் ‘குய்லின்’. அதிவேக ரயில்கள் அதிகம் நிற்பது வடக்கில், அதுவும் பரவாயில்லை. மேற்கு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே வெகு தூரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

யாங்ஷுவோ ஸ்டேஷன் இன்னொரு பொறி. அது யாங்ஷுவோ ஊரில் இல்லை. சிங்பிங் என்ற ஆற்றங்கரைச் சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாங்ஷுவோவிலிருந்து ஸ்டேஷனுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதனால் கிளம்பும் நாளில் ரயில் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓட்டலை விட்டுவிடுங்கள். சோதனை, வரிசை எல்லாம் உண்டு. ரயில் புறப்பட ஐந்து நிமிடத்துக்கு முன்பே பிளாட்பார வாசலை மூடிவிடுவார்கள். அதன்பிறகு கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

டிக்கெட், பயண நாளையும் சேர்த்து 15 நாட்களுக்கு முன் திறக்கும். 12306 என்பது ரயில்வேயின் சொந்தச் செயலி, ஆங்கிலத்திலும் உண்டு. பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு நேரம் எடுக்கும் என்பதால் கணக்கை ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் எண்ணே டிக்கெட், காகிதம் தேவையில்லை. தானியங்கி வாசல் நம் பாஸ்போர்ட்டைப் படிக்க மறுத்தால், ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள். 6 வயது முடிந்து 14 நிறையாத குழந்தைக்கு அரை டிக்கெட். மகன் அதில் வருவான்.

ஹாங்காங் மேற்கு கவுலூனிலிருந்து நேரடி ரயில் நாளுக்குச் சிலவே, மூன்றரை மணி நேரம் அளவில் ஆகும். அது கிடைக்காவிட்டால் குவாங்சோ தெற்கில் மாறலாம், மாற்றத்துக்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஹாங்காங் குடியகல்வு, சீனக் குடிநுழைவு இரண்டும் மேற்கு கவுலூன் ஸ்டேஷனுக்குள்ளேயே நடக்கும். அங்கேயும் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருங்கள்.

விசா: சீனாவின் விசா இல்லாத டிரான்சிட் பட்டியலில் இந்தியா கிடையாது. முன்கூட்டியே சுற்றுலா விசா எடுத்தே ஆக வேண்டும். ஹாங்காங்குக்குத் தனியாக, இந்தியர்களுக்கான முன்வருகைப் பதிவை இணையத்தில் ஒவ்வொருவருக்கும் செய்து அச்செடுத்து வையுங்கள், குழந்தைக்கும் சேர்த்து. சீன விசா ஒற்றை நுழைவு என்றால் ஹாங்காங்–குய்லின்–ஹாங்காங் சரியாக வரும். ஆனால் ‘நடுவில் ஒரு நாள் ஹாங்காங் வந்துவிட்டு மறுபடி குவாங்சோ போவோம்’ என்று மாற்றினால் இரட்டை நுழைவு வேண்டும். ஹாங்காங்குக்குள் கால் வைத்ததுமே ஒற்றை நுழைவு தீர்ந்துவிட்டது.

மலைநாடன்

தேதியை முதலில் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நம் காலாண்டு விடுமுறையின் பின்பாதி, சீனத் தேசிய தின விடுமுறையான அக்டோபர் முதல் வாரத்தோடு நேராக மோதும். அந்த வாரம் யாங்ஷுவோவில் அறை வாடகை பல மடங்கு ஏறும், ரயில் இருக்கை திறந்த சில நிமிடத்தில் காலியாகும், ஆற்றங்கரைச் சாலையில் வண்டி நகராது. அம்மாவுடன் அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள். விடுமுறையின் முதல் பாதியைப் பிடியுங்கள். செப்டம்பர் 24, 25 வாக்கில் உள்ளே போய் 29-க்குள் வெளியே வந்துவிடுங்கள். 30 மாலையிலேயே கூட்டம் கிளம்பிவிடும்.

அந்தத் தேதிக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. லோங்ஜி வயல்களில் நெல் மஞ்சள் பூத்து நிற்கும் காலம் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும்தான். அக்டோபர் நடுவில் போனால் பல மேடுகளில் அறுப்பு முடிந்து வைக்கோல்தான் இருக்கும். தண்ணீர் கட்டிக் கண்ணாடி மாதிரி மின்னுவது மே கடைசி, ஜூன். அந்த மாதங்களில் ஆற்றில் வெள்ளம் வந்து படகை நிறுத்துவார்கள், குய்லினின் பெருமழையே மே, ஜூன்தான். குளிர்காலத்தில் நேர்மாறு: தண்ணீர் வற்றிப் பெரிய படகின் பாதையைச் சுருக்குவார்கள். ஆக, செப்டம்பர் கடைசிக்கு ஆறு, வயல் இரண்டும் ஒத்துவரும். வெயில் மட்டும் 30 டிகிரியைத் தாண்டும், நமக்கு அது பழக்கம்.

லோங்ஜியில் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பது முக்கியம். ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் விற்பது பிங்ஆன், சுவாங் இன மக்களின் ஊர். வண்டி ஊருக்குக் கீழேயே நின்றுவிடும். பிறகு எல்லாமே கல் படி, அம்மாவால் ஆகாது. பல்லக்கு தூக்குவோர் உண்டு, ஆனால் அந்த ஈரக் கல் படியில் அதில் உட்கார்ந்து வருவதற்கும் தைரியம் வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது டாசாய், செந்நிற உடை உடுத்தும் யாவ் மக்களின் ஊர். அங்கே ரோப்கார் இருக்கிறது. அது தங்கப் புத்தர் உச்சி எனப்படும் காட்சி மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். கீழே வயல் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். குய்லினிலிருந்து ஒரு பக்கம் இரண்டரை மணி நேரம் மலைப் பாதை. அம்மாவுக்கு வாந்தி வரும் என்றால் மாத்திரை கையில் இருக்கட்டும்.

மலிவான ஒருநாள் டூர் பேருந்தில் ஏறாதீர்கள். வெள்ளி நகைக் கடை, நடன நிகழ்ச்சி என்று இரண்டு மூன்று மணி நேரத்தை வழியிலேயே தின்றுவிட்டு, வயலுக்கு ஒன்றரை மணி நேரம் விடுவார்கள். நான்கு பேருக்கு ஓட்டல் மூலம் ஒரு கார் பேசினால் ஆளுக்கு வரும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இனி ஆறு. பெரிய படகு கிளம்புவது நகரத்திலிருந்து இல்லை. மோபான்ஷான், சூஜியாங் என்ற துறைகளுக்குக் காலையில் பேருந்தில் முக்கால், ஒரு மணி நேரம் போக வேண்டும். டிக்கெட்டில் பேருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியைப் படகில் ஏற்றிக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரம் சாதாரணம்தான், அதற்குள் போன் சார்ஜைத் தீர்க்காதீர்கள். யாங்டி என்ற ஆற்றங்கரை ஊரைத் தாண்டியதிலிருந்து சிங்பிங் வரைதான் உயிர். அந்த நேரத்தில்தான் சாப்பாடு பரிமாறுவார்கள், எல்லோரும் கீழே போய்விடுவார்கள். நீங்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் இருங்கள். ஒன்பது குதிரை மலை என்ற செங்குத்துப் பாறைச் சுவர் அங்கேதான் வரும். கருப்பும் வெளுப்பும் கலந்த கறைகளில் குதிரைகளை எண்ணச் சொல்வார்கள். மகனுக்கு நல்ல வேலை.

சிங்பிங்கைத் தாண்டும்போது 20 யுவான் நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பது அந்த இடத்து மலைகள்தான். கரையிலிருந்து அதே கோணம் வேண்டும் என்றால் சிங்பிங் பழைய ஊரிலிருந்து கொஞ்ச தூரம் ஆற்றோரம் நடக்க வேண்டும், சமதளம்தான். அங்கே நீர்க்காகத்தோடு தெப்பத்தில் நிற்கும் மீனவர்கள் படத்துக்காகவே நிற்பவர்கள். எடுப்பதற்கு முன் எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

ஓலைச்சுவடி

வரலாறு பற்றி யாரும் சொல்லவில்லை. குய்லினை வெறும் மலைப் படமாகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அது தாங்காது.

முதலில் ஜிங்ஜியாங் இளவரசர் கோட்டை, நகரத்தின் நடு மையம். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசர் தன் அண்ணன் பேரனுக்குக் கொடுத்த சிற்றரசு இது. 1372-இல் கட்டத் தொடங்கினார்கள், பெய்ஜிங்கின் அரண்மனைக்கு 34 ஆண்டுகள் முந்தையது. பதினான்கு பேர் இங்கே ஆண்டார்கள். 1650-களின் தொடக்கத்தில் நடந்த போரில் அரண்மனை எரிந்துபோனது. இப்போது நிற்கும் கட்டடங்கள் பிற்காலத்தவை, ஆனால் கல் மதிலும் வாயில்களும் பழையவை. சிங் வம்சக் காலத்தில் இதையே மாகாணத் தேர்வு மைதானமாக்கினார்கள், இன்று பல்கலைக்கழக வளாகம். உள்ளே துஷியூ என்ற ஒற்றைப் பாறைக் குன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. உச்சிக்கு 306 படி, அதை நீங்களும் மகனும் ஏறுங்கள். அம்மா அடிவாரத்திலேயே இருக்கலாம், நஷ்டமில்லை. ‘குய்லின் மலையும் நீரும் உலகிலேயே தலைசிறந்தவை’ என்று சீனர்கள் எல்லோரும் சொல்லும் அந்த வரி, 1201-இல் வாங் ஜெங்கோங் என்ற அதிகாரி தேர்வில் வென்ற மாணவர்களுக்கு விருந்து வைத்தபோது பாடிய கவிதையில் வருவது. அந்தக் கவிதை வெட்டப்பட்ட பாறை கீழேயே இருக்கிறது.

இரண்டாவது, ஏழு நட்சத்திரப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் உள்ள குய்ஹாய் கல்வெட்டுக் காடு. பேருந்துக் கூட்டம் இங்கே வருவதில்லை, ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. லோங்யின் குகையின் சுவரிலும் கூரையிலும் தாங் வம்சக் காலத்திலிருந்து வெட்டிய எழுத்துகள். அண்ணாந்து பாருங்கள்: 309 பேரின் பெயர்ப் பட்டியல் ஒன்று தெரியும். சோங் வம்ச அரசவையில் எதிரணியினரை ஒழிக்க 1105-இல் எழுதிய கறுப்புப் பட்டியல் அது. நாடெங்கும் கல்லில் வெட்டச் சொன்னார்கள், அடுத்த ஆண்டே உடைக்கவும் சொன்னார்கள். இங்கிருப்பது 1198-இல், பட்டியலில் இடம்பெற்ற ஒருவரின் வழிவந்தவர் மறுபடி வெட்டியது. தண்டனைப் பட்டியலாக இருந்தது அதற்குள் குடும்பத்தின் பெருமையாகிவிட்டது. உயரத்தில் இருப்பதால் சின்ன பைனாகுலர் கொண்டுபோனால் எழுத்தின் உளி அடி வரை தெரியும்.

நாணல் புல்லாங்குழல் குகை அழகுதான், ஆனால் வண்ண விளக்கு அதிகம். உள்ளே அரை கிலோமீட்டர் அளவுக்கு ஈரத் தரையில் நடை, இடையிடையே படிகள். அம்மாவுக்குக் கைத்தடியும் ரப்பர் செருப்பும் வேண்டும். கால் வலி இருக்கும் நாளில் இதை விட்டுவிட்டு யானைத் துதிக்கை மலைக்குப் போங்கள். இப்போது நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவு மட்டும். ஆற்றோரச் சமதளப் பாதை, தண்ணீரில் வட்டமாகத் தெரியும் பாறை வளைவைப் பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

நேரம் இருந்தால் லிங் கால்வாய். குய்லின் வடக்கிலிருந்து சிங்ஆன் வடக்கு ஸ்டேஷன் கிட்டத்தட்ட 20 நிமிடம். கி.மு. 214-இல் சின் பேரரசர் தெற்கே படைக்கு அரிசி அனுப்ப வெட்டச் செய்தது. வடக்கே யாங்சியில் போய்ச் சேரும் சியாங் ஆற்றையும், தெற்கே முத்து ஆற்றில் சேரும் லீ ஆற்றையும் 36 கிலோமீட்டர் வாய்க்காலால் இணைத்தார்கள். ஆற்று நடுவில் ஏர்க்கொழு முனைபோல ஒரு கல் மூக்கு, அதன் பின்னால் இரு கையாக விரியும் கலிங்கு. நீர் ஏழு பங்கு சியாங்குக்கும் மூன்று பங்கு லீக்கும் பிரியும், வெள்ளம் வந்தால் மிச்சம் கலிங்கின் மேலேயே வழிந்து பழைய ஆற்றில் விழும். அதன் மேல் பதித்த கற்களைப் பாருங்கள்: தட்டையாகப் படுக்க வைக்காமல் மீன் செதில்போல நெட்டுக்கு நட்டிருப்பார்கள். வண்டல் இடுக்கில் இறங்க இறங்க இன்னும் இறுகும். இடம் முழுக்கச் சமதளம், நிழல். என்னைக் கேட்டால் லோங்ஜியை விட்டுவிட்டு இதற்கு அரை நாள் கொடுப்பேன்.

மலைநாடன்

ஓலைச்சுவடி அவர்களே, கால்வாய் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். மஞ்சள் நெல் பத்துப் பதினைந்து நாள்தான். செப்டம்பர் கடைசியில் போகிறவரிடம் லோங்ஜியை விடச் சொல்லாதீர்கள்.

யீஷுன்காரர்

சாப்பாடு பற்றி எழுதுகிறேன், அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம்.

குய்லினின் அடையாளம் அரிசி நூடுல்ஸ். ‘கறி வேண்டாம்’ என்றால் மேலே வைக்கும் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். அடியில் ஊற்றும் கறுப்புச் சாறு எலும்பும் மசாலாவும் மணிக்கணக்கில் கொதித்தது. அதைத் தவிர்த்தால் அந்த உணவில் ஒன்றும் மிச்சமில்லை, ஆகவே அம்மாவுக்கு அது வேண்டாம். காய்கறிப் பொரியலிலும் மூன்று மறைபொருள் உண்டு: பன்றிக் கொழுப்பு, கோழித் தூள், சிப்பிச் சாறு. சமைப்பவர் கணக்கில் இவை கறி இல்லை, அதனால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, கோழித் தூள், சிப்பிச் சாறு எதுவும் கூடாது, தாவர எண்ணெயும் உப்பும் மட்டும் போதும் என்று ஏழையும் பெயர் சொல்லிச் சீனத்தில் மொழிபெயர்த்து, படமாக போனில் சேமித்து, ஆர்டர் கொடுக்கும் பெண்ணிடம் இல்லாமல் அடுப்படியில் இருப்பவரிடமே காட்டுங்கள்.

பௌத்தச் சைவ உணவகங்கள் நகரத்தில் உண்டு, அங்கே வெங்காயம் பூண்டு கூட இருக்காது. கிராமத்துப் பக்கம் அவை கிடையா. முஸ்லிம் கடைகளில் பன்றிக் கொழுப்பு நிச்சயம் இருக்காது, வறுத்த காய், தக்காளி சாதம் கேட்டு வாங்கலாம், ஆனால் சூப்பைத் தொடாதீர்கள். கடையில் கைகாட்டி வாங்கக்கூடியவை: வேகவைத்த சேம்புக் கிழங்கு, சர்க்கரைவள்ளி, சோளம், பம்பளிமாஸ், சோயாப் பால். கோங்செங் பக்கத்து ‘எண்ணெய்த் தேநீர்’ உப்பும் கசப்புமாக இருக்கும், மேலே பொரியும் கடலையும் தூவித் தருவார்கள். இஞ்சி, பூண்டு, தேயிலையை இடித்துக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், ஆகவே என்ன எண்ணெய் என்று கேட்ட பிறகே அம்மாவுக்குக் கொடுங்கள்.

ஓட்டல் அறை எல்லாவற்றிலும் மின்கெட்டில் இருக்கும். அவல், சத்துமாவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். வெறுஞ்சோறு எங்கும் கிடைக்கும். பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலை, விதைகள் எடுத்துப்போகாதீர்கள், சுங்கத்தில் பிடுங்குவார்கள்.

பணம் கட்ட அலிபே என்ற செயலி. விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ அதில் இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பை இந்தியாவிலேயே முடியுங்கள். ரூபே, யுபிஐ அங்கே உதவாது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும், ஓடிபி வரும் சிம் போனிலேயே இருக்க வேண்டும். 200 யுவானுக்குள் ஒவ்வொரு செலவுக்கும் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் போகும். கணவன், மனைவி இருவர் போனிலும் தனித்தனிக் கார்டு வையுங்கள். ஒன்றை வங்கி முடக்கினால் மற்றது ஓடும். சில்லறையாக ஆயிரம் யுவான் ரொக்கம் போதும்.

ஓட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் வேலை செய்யாது. இந்திய சிம்மின் ரோமிங்கோ வெளிநாட்டு இ-சிம்மோ இருந்தால் வேலை செய்யும், இணைப்பு சீனாவுக்கு வெளியே சுற்றி வருவதால். வரைபடத்துக்கு அமாப் என்ற சீனச் செயலி. உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் பவர் பேங்கில் சீனத்தின் 3சி பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்க வேண்டும், 2025 ஜூன் கடைசியிலிருந்து அது இல்லாததைப் பறித்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. செப்டம்பர் 24 உள்ளே, 29 வெளியே என்று முடிவு செய்துவிட்டோம். குய்லினில் மூன்று இரவு, யாங்ஷுவோவில் இரண்டு. ஒன்று மட்டும்: பெரிய படகுக்குப் பதில் மூங்கில் தெப்பத்தில் போகலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு எது சரி? யாங்ஷுவோவில் எங்கே தங்குவது?

மலைநாடன்

லீ ஆற்றில் ஓடும் ‘மூங்கில்’ தெப்பங்கள் உண்மையில் பிளாஸ்டிக் குழாயும் மோட்டாரும். சத்தமும் அலையும் உண்டு, நாலு பேர் உட்காரலாம், கழிப்பறை கிடையாது. அம்மாவுக்குப் பெரிய படகே சரி.

உண்மையான துடுப்புக்கோல் தெப்பம் யூலோங் ஆற்றில், யாங்ஷுவோவுக்குப் பக்கத்துத் துணை ஆறு. தெப்பத்துக்கு இருவர். தேர்ந்தெடுக்கும் துறைதான் விஷயம். மேல்பகுதியில், 1412-ஆம் ஆண்டு யூலோங் பாலத்துக்கும் ஜின்லோங் பாலத்துக்கும் பக்கத்தில் ஏறினால் வழியில் நிறையச் சிறு தடுப்பணைகள். ஒவ்வொன்றிலும் தெப்பத்தின் மூக்கு கீழே சரிந்து, முழங்கால் வரை தண்ணீர் ஏறும். மகனுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்கு ஆகாது. கீழ்ப்பகுதியில் ஏறினால் தடுப்பணை குறைவு. டிக்கெட் எடுக்கும்போதே அந்த வழியில் எத்தனை தடுப்பணை என்று கேளுங்கள். வயது வரம்பும் துறைக்குத் துறை உண்டு, பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். அம்மாவின் வயதைச் சொல்லி முன்பே உறுதி செய்யுங்கள். காலை 9 மணிக்குள் போனால் வரிசை இல்லை, தண்ணீரும் அசையாமல் மலை முழுதாகத் தலைகீழாகத் தெரியும்.

தங்குவதற்கு யாங்ஷுவோவின் மேற்குத் தெரு வேண்டாம், நள்ளிரவு வரை பாட்டுச் சத்தம். யூலோங் கரையோரக் கிராம விடுதி ஒன்றில் தரைத்தள அறையாகக் கேளுங்கள். பல விடுதிகளில் லிப்ட் கிடையாது.

தண்டவாளம்

கடைசி இரவை மட்டும் சிங்பிங்கில் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷன் பக்கம், மறுநாள் ரயிலுக்கு அலைச்சல் இல்லை. சாயங்காலம் நோட்டுப் படத்து இடத்தைக் கூட்டமில்லாமல் பார்த்துவிடலாம். பெரிய பெட்டியை 28 காலையிலேயே காரில் ஏற்றிக்கொண்டு, யூலோங் தெப்பம் முடிந்ததும் நேராக அங்கே போய்விடுங்கள். செப்டம்பர் 29 டிக்கெட் 15-ஆம் தேதி வாக்கில் திறக்கும், விடுமுறைக்கு முந்தைய நாட்கள் என்பதால் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.